ஞாயிற்றுக்கிழமைப் பாடமும் திங்கட்கிழமைக் கையெழுத்தும்

கேள்வி: நான் ஒரு தனியார் நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் பணிபுரிகிறேன். சபையில் வாலிபர்களுக்கு வேதபாட வகுப்பு எடுக்கிறேன். எந்தப் பொருளை வாங்குவதானாலும் முதலில் மூன்று விலைப்புள்ளிகள் பெற்று ஒப்பிட வேண்டும் என்பது எங்கள் நிறுவனத்தின் விதி. எங்கள் மேலாளரோ தமக்கு வேண்டியவரிடம் ஆர்டரைக் கொடுத்துவிட்டு, பிறகு மற்ற இரண்டு விலைப்புள்ளிகளைப் பெயருக்கு வாங்கி, முன்தேதியிட்டுக் கோப்பில் சேர்க்கச் சொல்கிறார். ‘வெறும் காகிதம்தானே, எல்லா அலுவலகங்களிலும் நடப்பதுதானே’ என்கிறார். ஒப்பீட்டுத் தாளில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று அச்சிட்டிருக்கும் இடத்தில் நான் இரண்டு முறை கையெழுத்திட்டிருக்கிறேன். இதில் நான் பணம் எதுவும் எடுக்கவில்லை. ‘மனுஷனுக்குப் பயப்படும் பயம் கண்ணியை வருவிக்கும்’ என்ற வசனத்தை வகுப்பில் விளக்கிய மறுநாள்தான் இரண்டாவது கையெழுத்தைப் போட்டேன். சக ஊழியர்கள் என் விசுவாசத்தைக் கேலி பேசும்போதும் சேர்ந்து சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன். குடும்பம் என் சம்பளத்தை நம்பியிருக்கிறது. நான் மாய்மாலக்காரியா? எல்லார் முன்பாகவும் சாட்சி சொல்லிவிட்டு வேலையை ராஜினாமா செய்ய வேண்டுமா? வகுப்பு எடுப்பதையாவது நிறுத்திவிட வேண்டுமா? இப்படி வருந்துவதாவது என் விசுவாசம் உயிரோடிருப்பதற்கு அடையாளம்தானே?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்று சொல்லி உங்களை ஆறுதல்படுத்துவது எனக்கு எளிது. ஆனால் அதைச் சொல்ல மனமில்லை. வருத்தம் நல்லதுதான். எனினும் ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நான் அடிக்கடி காண்பது, வருத்தமே செயலின் இடத்தைப் பிடித்துக்கொள்வதைத்தான். பகலில் செய்த தவறுக்காக இரவில் கண்ணீரோடு ஜெபித்துவிட்டால் கணக்குத் தீர்ந்துவிட்டது போன்ற ஒரு நிம்மதி வருகிறது. அந்த நிம்மதியே அடுத்த முறை பேனாவை எடுப்பதைச் சற்று எளிதாக்கிவிடுகிறது. ஆகவே உங்கள் வருத்தத்தின் ஆழத்தை நாம் இங்கே அளக்க வேண்டாம். நீங்கள் போட்ட கையெழுத்து என்ன, இனிப் போடப்போவது என்ன என்பதைப் பார்ப்போம்.

முதலில் ‘மாய்மாலக்காரியா?’ என்ற கேள்வி. மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் கண்டிக்கிற மாயக்காரர், மனுஷர் காண வேண்டும் என்பதற்காகத் தர்மம் செய்கிறவர்கள், வீதிச் சந்திகளில் நின்று ஜெபிக்கிறவர்கள், உபவாசத்தை முகத்தில் காட்டுகிறவர்கள். நீங்கள் வகுப்பு எடுப்பது அப்படிப் புகழுக்காக அல்ல என்றே உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது தோன்றுகிறது. ஆனால் இதோடு உங்களை விடுவித்துவிட முடியாது. கலாத்தியருக்கு எழுதின நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பவுல் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத புறஜாதி விசுவாசிகளோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுவந்தார். எருசலேம் சபையின் தலைவரான யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும், அவர்களுக்குப் பயந்து, மெல்ல விலகிப் பிரிந்திருந்தார். அவர் பொய்யாக எதையும் பிரசங்கிக்கவில்லை, யாரையும் திட்டவில்லை, பந்தியிலிருந்து எழுந்துபோனார், அவ்வளவுதான். பவுல் அதை மாயம் என்றே சொல்கிறார். அதுவும் எல்லார் முன்பாகவும். பெருமையினால் மட்டுமல்ல, பயத்தினாலும் மனிதனுக்கு இரண்டு முகம் உண்டாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் வேதத்தில் இல்லை என்று நினைக்கிறேன். அதே பகுதியில் நாம் வேகமாகக் கடந்துபோகிற இன்னொரு குறிப்பும் உண்டு: அவர்களுடைய மாயத்தினாலே பர்னபாவும் இழுப்புண்டான் என்கிறார் பவுல். நிலத்தை விற்ற பணத்தை அப்போஸ்தலர் பாதத்தில் வைத்தவரும், எல்லாரும் அஞ்சிய சவுலைச் சபையில் சேர்த்துவிட்டவருமான பர்னபாவே இழுபட்டார் என்றால், உங்கள் பிரிவில் உங்களுக்குக் கீழே வேலை கற்றுக்கொண்டிருக்கும் இளையவர் உங்கள் கையெழுத்தைப் பார்த்து என்ன கற்றுக்கொள்வார் என்பதை நீங்கள் யோசிக்க வேண்டும். அதேவேளையில், பேதுரு அந்தச் சறுக்கலோடு அப்போஸ்தலர் அல்லாமல் போய்விடவில்லை என்பதையும் அந்த யோசனையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

‘வெறும் காகிதம்தானே, எல்லா அலுவலகங்களிலும் நடப்பதுதானே’ என்று உங்கள் மேலாளர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். திருச்சபை இந்த வாதத்தைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்கிறது. கி.பி. 250ஆம் ஆண்டையொட்டி ரோமப் பேரரசன் தேசியுஸ், பேரரசின் குடிகள் எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு, அதற்கு அதிகாரிகளிடம் சான்றிதழ் பெற வேண்டும் என்று ஆணையிட்டான். அப்படிப்பட்ட சான்றிதழ்கள் எகிப்தின் மணலிலிருந்து நாற்பதுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை: விண்ணப்பிப்பவரின் பெயர், ஊர், தெய்வங்களுக்கு நான் எப்போதும் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் ஆணையின்படி பலியிட்டேன் என்ற வாக்குமூலம், கீழே அதிகாரியின் சான்று. படிக்கும்போது ஓர் அலுவலகப் படிவத்தைப் படிப்பது போலவே இருக்கும்.

அந்நாட்களில் கிறிஸ்தவர்களில் சிலர் மறுத்துச் சிறைக்குப் போனார்கள், சிலர் பலியிட்டார்கள். மூன்றாவது ஒரு கூட்டமும் இருந்தது: பலியிடாமலேயே பணம் கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டவர்கள். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்துப் பேராயர் சிப்பிரியான் எழுதிய கடிதம் ஒன்று அவர்களுடைய மனநிலையை அருகில் காட்டுகிறது. பலியிடக் கூடாது என்று கற்றிருந்தேன், அதனால்தான் பலியிடாமல் பணம் கொடுத்தேன், என் கை சுத்தமாகவே இருந்தது என்று அப்படிப்பட்டவர் சொல்கிறார். கை தீட்டுப்படாவிட்டாலும் மனச்சாட்சி தீட்டுப்பட்டதைப் பிறகுதான் உணர்ந்தேன் என்றும் சொல்லி அழுகிறார். ஓர் அரசனின் கொலை மிரட்டலோடு உங்கள் மேலாளரின் வற்புறுத்தலை நான் சமப்படுத்தவில்லை. ஆனால் காகிதத்தில் பொய் சொல்லிவிட்டு உள்ளத்தில் உண்மையாயிருக்கலாம் என்ற எண்ணம் இரண்டு இடங்களிலும் ஒன்றுதான். உங்கள் ஒப்பீட்டுத் தாள் ஏதோ ஒரு சடங்கு அல்ல. அந்தத் தேதிகளையும் உங்கள் கையெழுத்தையும் நம்பித்தான் நிறுவனம் பணம் கொடுக்கிறது. தணிக்கையாளர் அவற்றை நம்பித்தான் கோப்பை மூடுகிறார். நேர்மையாக விலை கேட்டு வந்திருக்கக்கூடிய வேறொரு வியாபாரி அதனாலேயே வாய்ப்பை இழக்கிறார். நீங்கள் சரிபார்க்காத ஒன்றைச் சரிபார்த்ததாகச் சொன்னீர்கள். அது பொய். இதை இவ்வளவு வெளிப்படையாக நான் எழுதுவதற்குக் காரணம், அதற்குப் பெயர் வைக்காதவரை அதிலிருந்து மனந்திரும்ப முடியாது என்பதுதான்.

அப்படிச் சான்றிதழ் வாங்கினவர்களைச் சபை என்ன செய்தது என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். நோவாசியான் என்பவரின் தரப்பினர், மறுதலித்தவர்களைச் சபை மீண்டும் சேர்த்துக்கொள்ளவே கூடாது என்றார்கள். சிப்பிரியானும் 251இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்களும் அதை ஏற்கவில்லை. எல்லாரையும் ஒரே நாளில் மன்னித்துவிடவும் அவர்கள் சம்மதிக்கவில்லை. ஒவ்வொருவருடைய காரியத்தையும் தனித்தனியாக விசாரித்து, சான்றிதழ் மட்டும் வாங்கினவர்களை முதலில் சேர்த்துக்கொண்டு, பலியிட்டவர்களுக்கு நீண்ட மனந்திரும்புதலின் காலத்தை வைத்தார்கள். இந்தச் சிப்பிரியானே துன்புறுத்தல் தொடங்கியபோது ஊரைவிட்டு ஒளிந்திருந்து, அதற்காக விமரிசிக்கப்பட்டவர். 258இல் அடுத்த துன்புறுத்தலில் அவரே தலைவெட்டுண்டு மரித்தார். ஒளிந்திருந்த அந்த ஆண்டை வைத்து ஒருவர் அவரைக் கோழை என்று முடிவு கட்டியிருந்தால் அவசரப்பட்டிருப்பார்.

பயம் இருப்பதாலேயே விசுவாசம் இல்லை என்று நினைக்காதீர்கள் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். தைரியம் ஒருமுறை பெற்றுக்கொண்டு வைத்துக்கொள்ளும் சொத்து அல்ல. கெத்செமனேயில் பட்டயத்தை உருவி வீசத் துணிந்த பேதுரு, அதே இரவில் கரிநெருப்பண்டையில் குளிர்காய்ந்தபோது, ஒரு வேலைக்காரியின் கேள்விக்கு முன்னால் நிற்க முடியாமல் போனார். ஆயுதத்தை எடுக்கிற துணிச்சல் ஒன்று, கையில் எதுவும் இல்லாதபோது ஓர் உண்மையைச் சொல்கிற துணிவு வேறு. பிற்பாடு ஆலோசனைச் சங்கத்தின் முன் அவர் தைரியமாய்ப் பேசினார்; விடுதலையாகி வந்ததும் சபை கூடிச் செய்த ஜெபமோ, இன்னும் தைரியம் தாரும் என்பதாகவே இருந்தது. அந்தியோகியாவில் அவர் மறுபடியும் தடுமாறியதை மேலே பார்த்தோம். பவுலும் எபேசியருக்கு எழுதும்போது, தான் தைரியமாய்ப் பேசும்படி தனக்காக ஜெபிக்கச் சொல்லி, ஒரே மூச்சில் இரண்டு முறை கேட்கிறார். தைரியம் தானாக ஊறிவருகிறவர் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்.

இனி ராஜினாமாவும் பகிரங்கச் சாட்சியும். இந்த யோசனையை நான் சந்தேகத்தோடு பார்க்கிறேன். இதில் உண்மையான வைராக்கியத்தைவிட, இந்தச் சங்கடத்திலிருந்து ஒரே தாவலில் தப்பிவிடும் ஆசை அதிகமாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டாம் நூற்றாண்டில் சிமிர்னா சபையார் தங்கள் ஆயரான பொலிக்கார்ப்பின் மரணத்தைப் பற்றி எழுதிய கடிதத்தில் குவிந்துஸ் என்ற ஒருவர் வருகிறார். அவர் தாமாகவே முன்வந்து பிடிபட்டதோடு வேறு சிலரையும் அப்படி வரத் தூண்டினார். கொடிய மிருகங்களைக் கண்டதும் நடுங்கி, பலியிட்டுவிட்டார். தாங்களாகவே போய் ஒப்புக்கொடுக்கிறவர்களை நாங்கள் புகழ்வதில்லை, சுவிசேஷம் அப்படிப் போதிக்கவில்லை என்று அக்கடிதம் சொல்கிறது. பொலிக்கார்ப்போ, நண்பர்கள் கேட்டுக்கொண்டபடி ஊருக்கு வெளியே ஒதுங்கியிருந்தார். பிடிபட்டு, கிறிஸ்துவைத் தூஷிக்கச் சொன்னபோதுதான், எண்பத்தாறு ஆண்டுகள் அவருக்கு ஊழியம் செய்தேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லையே என்று மறுத்தார். கேட்கப்படாத இடத்தில் முழங்காமலும், கேட்கப்பட்ட இடத்தில் பின்வாங்காமலும் இருந்த இந்த நிதானத்தைத்தான் உங்களிடம் எதிர்பார்க்கிறேன்.

உங்கள் நிலைமைக்கு வேதத்தில் மிக அருகே இருப்பவர் நிக்கொதேமு. இராக்காலத்தில் வந்தவர் என்று எல்லாரும் அவரை நினைவில் வைத்திருக்கிறோம்; கடைசியில் ஏறக்குறைய நூறு இராத்தல் கந்தவர்க்கத்தோடு வந்து இயேசுவின் அடக்கத்தில் பங்கெடுத்ததும் பலருக்கு நினைவிருக்கும். நடுவில், யோவான் ஏழாம் அதிகாரத்தில், அவர் யூதத் தலைவர்களின் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். எல்லாரும் இயேசுவைக் குற்றவாளி என்று முடிவு செய்துவிட்ட அந்த அறையில் அவர் சாட்சிப் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. ஒரு மனுஷன் சொல்வதைக் கேட்காமலும் அவன் செய்கைகளை அறியாமலும் அவனை ஆக்கினைக்குட்படுத்த நம்முடைய நியாயப்பிரமாணம் இடங்கொடுக்கிறதா என்று, நடைமுறை விதியைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்கே ‘நீரும் கலிலேயனோ?’ என்ற ஏளனம் வந்தது. அலுவலகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அந்தக் கேள்வியைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஆகவே, அடுத்த ஒப்பீட்டுத் தாள் உங்கள் மேசைக்கு வரும்போது நீங்கள் சொல்ல வேண்டியது மிகச் சிறியது: “ஐயா, இந்த இரண்டு விலைப்புள்ளிகளும் ஆர்டர் போன பிறகு வந்தவை. இவற்றை நான் சரிபார்த்ததாகக் கையெழுத்திட முடியாது. உண்மையான தேதியைப் போட்டு, அவசரம் கருதி ஒரே விலைப்புள்ளியின்பேரில் வாங்கப்பட்டது என்று குறிப்பெழுதி மேலிடத்து ஒப்புதலுக்கு அனுப்பலாம். அந்தக் குறிப்பை நானே தயாரித்துத் தருகிறேன்.” அவசரமே இல்லாத கொள்முதலானால் அந்தச் சாக்கை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள், நடந்தது எதுவோ அதையே எழுதுங்கள். தானியேலும் அரமனைப் போஜனத்தை வேண்டாம் என்று தட்டைத் தள்ளிவிடவில்லை. பிரதானிகளின் தலைவனுக்கு ஏற்படக்கூடிய ஆபத்தை உணர்ந்து, பத்துநாள் சோதித்துப் பாரும் என்று விசாரிப்புக்காரனிடம் ஒரு மாற்று வழியை முன்வைத்தார். மறுப்போடு ஒரு வழியையும் சேர்த்துக் கொடுப்பது மேலாளருக்கும் திரும்பி வர ஒரு கதவைத் திறந்து வைக்கும். அந்த வாக்கியத்தை வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். பயந்திருக்கும்போது நமக்குப் புதிய வாக்கியங்கள் வராது, பழகிய வாக்கியம்தான் வரும்.

அந்த இடத்தில் ‘நான் கிறிஸ்தவள், ஆகவே செய்ய மாட்டேன்’ என்று சொல்ல வேண்டாம் என்பது என் கருத்து. இதில் சில போதகர்கள் என்னோடு உடன்பட மாட்டார்கள். ஆனால் சரிபார்க்காததைச் சரிபார்த்தேன் என்று எழுதக் கூடாது என்பதற்கு ஞானஸ்நானம் தேவையில்லை. உங்கள் பணியின் நேர்மையே போதும். மதத்தைக் காரணமாகச் சொன்னால், மற்ற ஊழியர்கள் எல்லாரும் பொய்யர்கள் என்று சொன்னதுபோல ஆகும். பேச்சும் விலைப்புள்ளியை விட்டு உங்கள் மதத்தின் பக்கம் திரும்பிவிடும். ஒருவர் தனியே வந்து, ‘ஏன் இதற்கு இவ்வளவு பிடிவாதம்?’ என்று கேட்டால், அப்போது மறைக்காதீர்கள். விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று பேதுரு எழுதுகிறாரே, அந்த வேளை அதுதான்.

இப்படிச் செய்தால் தேவன் உங்கள் வேலையைக் காப்பாற்றுவார் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். காப்பாற்றலாம். மேலாளர் உங்களை ஒதுக்கலாம், பதவி உயர்வு தள்ளிப்போகலாம், வேலையே போகலாம். அக்கினிச்சூளைக்கு முன் நின்ற தானியேலின் தோழர் மூவரும், எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர் என்று சொன்னதோடு நிறுத்தாமல், விடுவிக்காமற்போனாலும் ராஜாவின் பொற்சிலையைப் பணிந்துகொள்வதில்லை என்றும் சொன்னார்கள். ஆகவே விவேகமாக ஆயத்தப்படுங்கள். சில மாதச் செலவுக்கான சேமிப்பைத் தொடங்குங்கள். வேறு வேலைக்கான விண்ணப்பத்தைத் தயாராக வையுங்கள். குடும்பத்தாரிடம் இப்போதே சொல்லுங்கள், ஏனென்றால் இழப்பில் அவர்களுக்கும் பங்குண்டு. ஆண்டவர் புறாக்களைப்போலக் கபடற்றவர்களாய் இருக்கச் சொன்ன அதே வசனத்தில் சர்ப்பங்களைப்போல வினாவுள்ளவர்களாய் இருக்கவும் சொன்னார்.

ஏற்கெனவே போட்ட இரண்டு கையெழுத்துகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் எனக்கு அதுதான் கடினமான பகுதியாகத் தோன்றுகிறது. இனிமேல் செய்ய மாட்டேன் என்பது மனந்திரும்புதலின் பாதிதான். வரி வசூலித்த ஆயக்காரனான சகேயு தேவனிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றுவிடவில்லை. அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றார். நீங்கள் பணம் எதுவும் எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆயினும் கோப்பில் ஒரு பொய் உங்கள் பெயரில் இருக்கிறது. முதலில் பணிச் சட்டம் அறிந்த ஒரு வழக்கறிஞரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லி, உங்கள் நாட்டுச் சட்டத்தில் இதற்கு என்ன பொறுப்பு, முறைகேட்டைத் தெரிவிக்கிறவர்களுக்கு என்ன பாதுகாப்பு என்று கேளுங்கள். பிறகு, நிறுவனத்தில் உள்தணிக்கைப் பிரிவோ புகார் தெரிவிக்கும் வழியோ இருந்தால் அதன் மூலமாக எழுத்தில் தெரிவியுங்கள். நடந்தவற்றின் தேதிகளை உங்கள் நினைவிலிருந்து குறித்து வையுங்கள். கோப்புகளை அனுமதியின்றி வீட்டுக்கு எடுத்துச் செல்லாதீர்கள். எழுதும்போது உங்கள் பங்கை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். மேலாளரின் குற்றத்தை மூன்று பக்கம் எழுதி, உங்கள் குற்றத்தை ஓரத்தில் ஒட்டவைக்கிற கடிதம் புகார் மட்டுமே, அறிக்கையாகாது.

கேலிப் பேச்சைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல வேண்டும். எல்லாக் கேலியும் துன்புறுத்தல் அல்ல. சிலவற்றுக்குச் சிரிப்பதில் தவறுமில்லை, நம் சபைகளில் சிரிக்கத்தக்கவை நிறைய உண்டு. ஆனால் ஆண்டவரையோ ஏழை விசுவாசி ஒருவரையோ இழிவுபடுத்தும்போது சேர்ந்து சிரிக்காதீர்கள். “இது எனக்கு முக்கியமானது” என்று அமைதியாகச் சொல்லிவிட்டு, விட்ட வேலையைத் தொடருங்கள். அதற்குமேல் விவாதம் தேவையில்லை.

வகுப்பைப் பற்றி: நீங்களாகவே, காரணம் சொல்லாமல், வேலைப்பளு என்று ஒரு சாக்கைச் சொல்லி விலகாதீர்கள், அது மூன்றாவது பொய்யான கையெழுத்தாகிவிடும். உங்கள் போதகரிடமோ, நீங்கள் நம்புகிற மூத்த விசுவாசி ஒருவரிடமோ போய், எனக்கு எழுதியதை அப்படியே சொல்லுங்கள். சில வாரங்கள் ஓய்ந்திருங்கள் என்று அவர் சொன்னால் கீழ்ப்படியுங்கள். தொடருங்கள் என்றால் தொடருங்கள். தொடர்வதானால், நீதிமொழிகளின் அந்த வசனத்தை இப்போதைக்கு மறுபடியும் நடத்த வேண்டாம். கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தை எடுத்து, பேதுரு பந்தியைவிட்டு எழுந்துபோன இடத்தை வாலிபர்களோடு சேர்ந்து வாசியுங்கள். அவர்களில் வேலைக்குப் போகிறவர்கள் இருந்தால், அவர்களுடைய மேசைக்கு எப்படிப்பட்ட தாள்கள் வருகின்றன என்று கேளுங்கள்.